காலி இடத்தில் வந்த நூல்

எங்கள் அண்ணிக்குக் கோபமே வராது. அந்தக் குறை வெளியே தெரியக் கூடாது என்றுதான் அவருக்கு நாத்தனாராக நான் வாய்த்தேன் போலிருக்கிறது. வீட்டில் அவர்கள் கீழே, நான் மாடியில். வேலையிலும் இருவருக்கும் ஒரே கட்டடம், ஒரே தளம். அங்கே உயிரணு ஆராய்ச்சி நடக்கிறது. நான் செல் வளர்க்கிறேன். நடைபாதைக் கோடியில் ஜன்னலே இல்லாத அறையில் அண்ணி நுண்ணோக்கியில் படம் எடுக்கிறார்.

செல் வளர்ப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணாடித் தட்டில் இளஞ்சிவப்புத் திரவத்தை ஊற்றி, அதில் செல்களை விட்டு, வெதுவெதுப்பான பெட்டியில் வைத்து, வேளாவேளைக்குத் தீனி மாற்ற வேண்டும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது போலத்தான், அழுகை மட்டும் கிடையாது. பதினாறு வருஷமாகச் செய்கிறேன். மற்றவர்கள் தட்டில் இங்கே நாலு, அங்கே நாலு என்று செல் முளைத்திருக்கும். என் தட்டில் ஊசி குத்த இடம் இருக்காது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமெல்லாம் இல்லை, அதாவது போன மாதம் வரைக்கும் இருந்ததில்லை.

அண்ணியின் நுண்ணோக்கி வேறு ரகம். செல்லுக்குள் ஒளிரும் சாயத்தை ஏற்றி, அதன் மேல் நீல வெளிச்சத்தைப் பாய்ச்சினால் சாயம் பிடித்த இடம் மட்டும், அதாவது செல்லுக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மெல்லிய இழைகள் மட்டும், பச்சையாக மின்னும். அதைக் கேமரா படம் பிடிக்கும். வெளிச்சத்தைக் கூட்டினால் படம் பளிச்சென்று வரும், ஆனால் செல் சில நிமிஷத்தில் செத்துப்போகும். குறைத்தால் செல் பிழைக்கும், படம்தான் மணலை வாரி இறைத்த மாதிரி புள்ளி புள்ளியாக வரும். உயிரோடு இருக்கிற செல்லை ஆறு மணி நேரம் விடாமல் படம் எடுத்துத் தாருங்கள் என்று ஒருத்தி வந்து நின்றால் மங்கல் படம்தான் கிடைக்கும். வந்து நின்றாள் ஒருத்தி. அவள்தான் வக்கீல்.

சட்டம் படித்தவள் இல்லை அவள். எங்கள் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள். எதைச் சொன்னாலும் "அதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்பதால் நான் வைத்த பெயர் அது. கல்யாணமாகி, பெண் குழந்தையும் பிறந்து, முப்பது தாண்டிய பிறகு மறுபடி படிக்க வந்தவள். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது கடைசியில் இரண்டுக்கும் நடுவே மெல்லிய நூல் ஒன்று மிஞ்சும். கொஞ்ச நேரத்தில் அறுந்துவிடும். அவள் ஒரு மருந்தைக் கலந்த செல்களில் அந்த நூல் அறுவதில்லை, மணிக்கணக்கில் நிற்கிறது என்பது அவளுடைய கட்சி. மூன்று வருஷ உழைப்பு அது. ரசாயனம் ஊற்றி உறைய வைத்துப் பார்க்கலாம் என்றால், ஊற்றுகிற வேகத்திலேயே நூல் போய்விடும். அதனால் உயிரோடுதான் எடுத்தாக வேண்டும், மங்கலாகத்தான் எடுத்தாக வேண்டும். நாற்பது ஜோடிச் செல்களை அண்ணி அப்படி எடுத்துக் கொடுத்தார். நூல் இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால் இருந்தது. இல்லை என்று நினைத்துப் பார்த்தால் இல்லை.

மங்கல் படத்தைத் தெளிவாக்கும் மென்பொருள் எங்களிடம் ஒன்று இருந்தது. விலைக்கு வாங்கியது. அதன் உரிமம் முடிந்துபோய், புதுப்பிக்கச் சொல்லும் தாள் மேஜை மேஜையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணி அதற்காகக் காத்திருக்கவில்லை. யாரோ சில ஆராய்ச்சிக்காரர்கள் எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் வைத்திருந்த ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"சும்மா கிடைக்கிறதுல என்ன அண்ணி இருக்கப் போகுது?" என்றேன்.

"காத்து கூடச் சும்மாதான் கிடைக்குது. மூச்சு விடாம இருக்கியா நீ?" என்றார்.

அதைக் கணினியில் ஏற்றுவதற்குள் நாலு நாள் போனது. ஒன்றை ஏற்றினால் துணைக்கு இன்னொன்று வேண்டும் என்றது. அந்த இன்னொன்றை ஏற்றினால் முதலில் வந்தது கோபித்துக்கொண்டு நின்றது. "நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு ஆள் கூப்பிடுற மாதிரியே இருக்கு. இவர் வந்தா அவர் வர மாட்டாராம்" என்று சிரித்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நானாக இருந்தால் அந்தக் கணினியைத் தூக்கி வெளியே எறிந்திருப்பேன்.

ஏற்றியாயிற்று. அடுத்தது, அதற்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரே இடத்தைக் குறைந்த வெளிச்சத்தில் ஒரு படம், நிறைய வெளிச்சத்தில் ஒரு படம் என்று ஜோடி ஜோடியாக எடுத்துக் கொடுத்தால், மங்கலிலிருந்து தெளிவுக்கு எப்படிப் போவது என்று தானே கற்றுக்கொள்ளுமாம். பிறகு மங்கல் படத்தை மட்டும் கொடுத்தால் போதும். பாடத்துக்கு உயிருள்ள செல் வேண்டாம், உறைய வைத்தது போதும். அதைக் கொடுக்க வேண்டியவள் நான்.

கொடுத்தேன். பன்னிரண்டு தட்டு, அத்தனையும் அலுவலக நேரத்துப் பேருந்து மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு. அண்ணியும் அதிலேயே செல் நிறைந்த, அழகான இடமாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார். ஓரமாக எங்காவது கறுப்பாகக் காலி இடம் தெரிந்தால், "இது எதுக்கு" என்று ஒதுக்கிவிட்டார். எங்கள் இருவருக்கும் பெருமை பிடிபடவில்லை.

மென்பொருள் பாடம் படித்து முடித்ததும் வக்கீலின் நாற்பது பதிவுகளையும் அதில் போட்டார்கள். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். மணல் மணலாக இருந்த படம் துடைத்து வைத்த கண்ணாடி போல ஆகியிருந்தது. இரண்டு செல், நடுவே ஒரு நூல். அடுத்த படத்திலும் நூல். நாற்பதிலும் நூல். வக்கீல் அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆய்வகத்துத் தலைவர், நாங்கள் சார் என்று கூப்பிடுகிறவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார். "அடுத்த வெள்ளிக்கிழமை ஆய்வேட்டை அனுப்பிடலாம்" என்றார். பாராட்டு என்று அவரிடமிருந்து வருவது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மத்தியானம் நான் தட்டுகளுக்குத் தீனி மாற்றிக்கொண்டிருந்தபோது அண்ணி கதவைத் தட்டினார்.

"கையைக் கழுவிட்டு வா, கொஞ்சம் பாரு."

போனேன். திரையில் வழக்கம் போலப் பச்சை இழைகள், மெல்லிசாக, அழகாக.

"நல்லாத்தானே இருக்கு. இது எந்தத் தட்டு?"

"செல்லே போடாத தட்டு. வெறும் தண்ணி."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் இரண்டாவது தடவை சொன்னபோதுதான் புரிந்தது. ஒன்றுமே இல்லாத இருட்டைப் படம் எடுத்துக் கொடுத்தால், அந்த மென்பொருள் அதிலும் நூல் வரைந்து கொடுத்திருக்கிறது. அப்படியென்றால் வக்கீலின் நாற்பதில் எது செல்லின் நூல், எது மென்பொருளின் நூல்?

வேலை நன்றாக முடிந்த பிறகு யாராவது காலித் தட்டைப் படம் எடுப்பார்களா? அண்ணி எடுப்பார். அதற்கு அவருடைய பழைய வேலையைச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்பும், அதற்குப் பிறகு சில வருஷமும், அவர் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் படம் திருத்துகிறவராக இருந்தார். முகப்பருவை எடுப்பது, வழுக்கையில் கொஞ்சம் முடி வைப்பது, குடும்பப் படத்தில் யாராவது கண்ணை மூடியிருந்தால் அதே ஆளின் வேறு படத்திலிருந்து கண்ணை எடுத்து ஒட்டித் திறந்துவிடுவது. கைராசிக்காரர் என்று பெயர். ஒருநாள் ஒரு பெண்மணி வந்து, இறந்துபோன கணவரின் ஒரே ஒரு படம் இதுதான், கண்ணை மூடியிருக்கிறார், திறந்து கொடுங்கள் என்று கேட்டார். எடுத்து ஒட்ட வேறு படம் இல்லை. அண்ணி அந்த மனிதருடைய தம்பியின் கண்ணை எடுத்து வைத்தார். அந்தப் பெண்மணி வாங்கிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா அவர் இப்படிப் பார்க்க மாட்டார்" என்றாராம். சொல்லிவிட்டு அந்தப் படத்தைப் பத்திரமாகப் பையில் வைத்து எடுத்துக்கொண்டும் போய்விட்டார். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருந்தால் அண்ணி மறந்திருப்பார். அவர் எடுத்துக்கொண்டு போனதுதான் அண்ணியை அரித்தது. அந்த மாதக் கடைசியிலேயே வேலையை விட்டார். எங்கள் கட்டடத்தில் படம் எடுக்க ஆள் வேண்டும் என்று அறிவிப்பு வந்தபோது, "அங்க யாரும் கண்ணைத் திறந்து விடச் சொல்ல மாட்டாங்க இல்ல?" என்று கேட்டுக்கொண்டுதான் விண்ணப்பம் போட்டார்.

இப்போது அவர் கையாலேயே நாற்பது நூல்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க அண்ணி" என்றேன். ஆமாம், சொன்னேன். மறைப்பானேன். "வெள்ளிக்கிழமை அனுப்பட்டும். அப்புறம் பொறுமையா சரி பண்ணிக்கலாம். வேலையே போயிடும் உங்களுக்கு."

"வேலை போனா வேற வேலை. அந்தப் பொண்ணு பேர்ல பொய் போயிட்டா அதை எங்க போய்த் திருப்பி எடுக்கறது?"

"அவளுக்கு இப்ப சொன்னா மட்டும் இனிக்குமா? மூணு வருஷம் அண்ணி. உங்க கையால அதை உடைக்கணுமா?"

அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து வக்கீலைத் தேடிப் போனார். எனக்குக் கோபத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்னாலேயே போனேன்.

வக்கீல் கேட்டுக்கொண்டாள். அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. காலித் தட்டின் படத்தைக் காட்டச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நாப்பதும் போச்சாக்கா?"

"தெரியாதும்மா. தெரிஞ்சா சொல்லிடுவேன்."

"நான் சேர்ந்தப்ப என் பொண்ணுக்கு மூணு வயசு. இப்ப ஸ்கூல் பையை அவளே அடுக்கறா" என்றாள். மூவருமாகச் சாரிடம் போனோம். அவர் யாரையும் திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டயம். நூல் இருக்குன்னா அனுப்பலாம். இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க, தலைப்பையே மாத்தணும்" என்றார். தலைப்பை மாற்றுவது என்றால் இன்னும் இரண்டு வருஷம். வக்கீலின் உதவித்தொகையோ இந்த வருஷத்தோடு சரி.

அந்த மென்பொருளை எழுதியவர்களும் பயன்படுத்துகிறவர்களும் கேள்வி பதில் எழுதுகிற பக்கம் ஒன்று இருக்கிறது. அண்ணி நடந்ததை ஒளிக்காமல் எழுதி, காலித் தட்டின் படத்தையும் போட்டார். செவ்வாய்க்கிழமை காலையில் பதில் வந்திருந்தது. எந்த நாடோ, எந்த ஊரோ, முகம் தெரியாத ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: நீங்கள் பாடத்துக்குக் கொடுத்த படங்களில் காலி இடம் எவ்வளவு?

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன்.

காலி இடமே கொடுக்கவில்லை. நான் கொடுத்த தட்டில் காலி இடம் இல்லை. கொஞ்சம் இருந்ததையும் அண்ணி ஒதுக்கிவிட்டார். எங்கே பார்த்தாலும் இழை, இழை என்றே படித்த அந்த மென்பொருளுக்கு ஒன்றுமில்லாத இடம் என்று உலகத்தில் இருப்பதே தெரியாது. இருட்டைக் கொடுத்ததும் அதுவும் தனக்குத் தெரிந்ததைத்தான் வரைந்திருக்கிறது. இதில் பாதிப் பழி என்னுடையது. "அண்ணி, என் தட்டாலதான்" என்று சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய்.

"சரி, அழாத. போய் மோசமா ஒரு தட்டு வளர்த்துக் கொடு பார்க்கலாம்" என்றார்.

வளர்த்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கேவலமான தட்டு வளர்த்ததில்லை. அங்கே ஒன்று, இங்கே ஒன்று, நடுவில் மைதானம். பக்கத்து ஆய்வகத்துக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆமாம் என்றேன். புதன்கிழமை அண்ணி அவற்றைப் படம் எடுத்தார். இந்தத் தடவை கறுப்பு இடம், ஓரம், மூலை, எதையும் ஒதுக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து மென்பொருளை முதலிலிருந்து படிக்க வைத்தார். அந்த மூன்று நாளும் அவர் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவார், படுத்தால் தூக்கமில்லை. என் அண்ணன் அதிகம் பேசாத மனிதர். அவரே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னதான் நடக்குது அங்க? விடிய விடிய முழிச்சுக்கிட்டு இருக்கா" என்றார். நூலைப் பற்றி நான் சொன்னது அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை.

வியாழக்கிழமை முதல் வேலையாகக் காலித் தட்டின் படத்தைப் போட்டார். கறுப்பாக வந்தது. ஒரு புள்ளி கூட இல்லை. ஒரு கறுப்புப் படத்தைப் பார்த்து மூன்று பெண்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டதை வெளியாள் யாராவது பார்த்திருந்தால் எங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பாரோ. பிறகு வக்கீலின் பதிவுகள். ஒன்பதில் நூல் மறைந்துபோனது. முப்பத்தொன்றில் அப்படியே இருந்தது. வக்கீல் அந்த ஒன்பதின் எண்களையும் தன் நோட்டில் தானே அடித்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டு, சின்னக் குரலில் கேட்டாள்: "மிச்சம் முப்பத்தொண்ணுக்கு என்ன ஆதாரம்க்கா?"

நியாயமான கேள்வி. ஒரு தடவை ஏமாற்றியது மறுதடவை ஏமாற்றாது என்று எப்படிச் சொல்வது? எனக்கே அவள் வாயை மூட வேண்டும் போலத்தான் இருந்தது.

அண்ணி யோசித்து வைத்திருந்தார். "நாளைக்குப் புதுச் செல் எடுப்போம். மங்கலா எடுத்து, மென்பொருள்ல போட்டு, நூல் இருக்கா இல்லையான்னு அது சொல்றதை முதல்ல பேப்பர்ல எழுதிடுவோம். அப்புறம் அதே இடத்துல வெளிச்சத்தை முழுசா வச்சு ஒரே ஒரு படம். செல் செத்துப் போகும். போகட்டும். நூல் இருந்தா அதுக்குள்ள தெரிஞ்சிடும்."

இத்தனை நாள் ஏன் இதைச் செய்யவில்லை என்றால், படம் எடுத்து முடித்த செல் ஒவ்வொன்றும் வக்கீலுக்கு அடுத்த சோதனைக்கு உயிரோடு வேண்டியிருந்தது. யாருக்கும் கொல்ல மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மூவரும் அந்த ஜன்னலில்லாத அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். நான் வளர்த்த புதுத் தட்டு, வக்கீலின் மருந்து கலந்தது, நுண்ணோக்கியின் மேடையில் இருந்தது. முதல் ஜோடி. மங்கல் படம், மணல். மென்பொருள் துடைத்துக் கொடுத்தது. நூல். "உண்டு" என்று எழுதினேன். எழுதுகிற வேலை எனக்கு. அண்ணி வெளிச்சத்தைக் கூட்டும் பொத்தானில் விரலை வைத்தார். வக்கீல் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"கண்ணைத் திறம்மா" என்றார் அண்ணி.

பளிச்சென்ற படத்தில், யாரும் துடைக்காமல், யாரும் திருத்தாமல், இரண்டு செல்லுக்கும் நடுவே நூல் இருந்தது.

ஒன்றை வைத்து என்ன சொல்ல முடியும். அடுத்த ஜோடி. அதுவும் நூல். மூன்றாவதில் மென்பொருள் நூல் இல்லை என்றது. "இல்லை" என்று எழுதினேன். வெளிச்சத்தைக் கூட்டினார், இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது அந்த "இல்லை"யைப் பார்த்துத்தான். இருந்தால் இருக்கிறது என்கிறது, இல்லாவிட்டால் இல்லை என்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும். மதியம் ஒன்றரைக்குள் பன்னிரண்டு ஜோடி பார்த்து முடித்தோம். ஏழு உண்டு, ஐந்து இல்லை. பன்னிரண்டும் நான் முன்னாலேயே எழுதி வைத்த தாளோடு பொருந்தின.

அண்ணி நாற்காலியை விட்டு எழுந்து, தரையில், அந்த அறையின் சில்லென்ற தரையில், காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். அன்றைக்கு மட்டும் நான் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சார் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். "அந்த ஒன்பதையும் எழுதுங்க. எப்படிப் போச்சுன்னும் எழுதுங்க. அனுப்பிடலாம்" என்றார். பிறகு அண்ணியைப் பார்த்து, "நீங்க இன்னைக்கு வீட்டுக்குப் போங்க" என்றார்.

கீழே இறங்கும்போது அண்ணன் போனில் கூப்பிட்டார். அண்ணி எடுத்து, "இருக்குங்க" என்றார். அதற்கு மேல் பேச வரவில்லை, போனை என்னிடம் நீட்டிவிட்டார்.

"என்ன இருக்காம்?" என்றார் அண்ணன்.

"நூல் இருக்குண்ணா. எல்லாம் சரியாப் போச்சு."

"அப்ப இன்னைக்கு அவ தூங்குவா இல்ல?" என்று கேட்டார்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்த அண்ணி இரண்டாவது நிறுத்தத்துக்கு முன்பே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார், வாய் லேசாகத் திறந்தபடி, நல்ல வெயிலில். எங்கள் நிறுத்தம் வந்தது. எழுப்பக் கையைத் தூக்கினேன். தூக்கிய கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். பேருந்து கிளம்பியது. நடத்துநர் வந்து, "நீங்க இறங்கலையா?" என்று கேட்டார்.

"கடைசி வரைக்கும் போறோம்" என்றேன்.